பிரஷர் இறங்கினால் உப்பு ஜூஸா? வேண்டவே வேண்டாம்!

காலை பத்தரை மணி இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு டயாலிசிஸ் மையம். மூன்று மணி நேரம் முடிந்துவிட்டது; இன்னும் ஒரு மணி நேரம்தான். பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் இரண்டு மணிக்குள் கல்லிடைக்குறிச்சி போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு கொட்டாவி விட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. “என்னமோ மாதிரி வருது... கண்ணு இருட்டுது” என்றார். அவ்வளவுதான், தலை சாய்ந்துவிட்டது. சட்டையெல்லாம் வேர்வை. மானிட்டரைப் பார்த்தால், மேல் பிரஷர் 76!

டியூட்டி நர்ஸ் ஓடி வந்தார். மெஷின் நீர் எடுப்பதை நிறுத்தினார். கால் பக்கத்தை உயர்த்தினார். கொஞ்சம் சலைன் கொடுத்தார். சில நிமிஷத்தில் அவர் கண்ணைத் திறந்து, “பஸ்ஸுக்கு நேரமாச்சா?” என்று கேட்டார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்தோம். விஷயம் கேள்விப்பட்டு என் மைனி ஓடி வந்தார். “ஏட்டி, பிரஷர் இறங்கிப் போச்சுன்னு சொல்லுதே, சும்மா பாத்துக்கிட்டு நிக்கியே! எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு, நல்லா உப்புப் போட்டுக் குடு!” என்றார். கொடுத்தேன். பெரிய டம்ளரில். மறுநாளும் கொடுத்தேன். சாப்பாட்டில் ஊறுகாயும் இரண்டு அப்பளமும் கூடுதலாக வைத்தேன். அப்பளத்துக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் இல்லையா நாங்கள்!

அடுத்த முறை எடை பார்த்தபோது நாலு கிலோ கூடியிருந்தது. மறுபடியும் மூன்றாவது மணி நேரத்தில் பிரஷர் இறங்கியது. மறுபடியும் உப்பு ஜூஸ். இப்படியே நாலு மாதம் ஓடியது. கடைசியில் சிறுநீரக டாக்டரம்மா ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வீட்ல என்ன குடுக்கறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்கம்மா” என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்!

அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் டயாலிசிஸுக்குப் போய் வருகிறாரா? அப்படியானால் இந்தப் பக்கத்தைக் கடைசி வரை படியுங்கள். டயாலிசிஸில் பிரஷர் இறங்குவதற்கு உப்பு மருந்தே அல்ல. பல வீடுகளில் உப்புதான் அதற்குக் காரணமே!

ஊற்றும் சிரட்டையும்

நம் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். அதிலும் நீர்ப்பகுதி 3 லிட்டர்தான். ஆனால், ஒரே டயாலிசிஸில் 3 லிட்டர், சிலருக்கு 4 லிட்டர் நீரைக்கூட எடுக்கிறார்கள். மூன்று லிட்டரிலிருந்து நாலு லிட்டரை எப்படி எடுக்க முடியும்? டாக்டரம்மாவிடம் நானும் இதைத்தான் கேட்டேன்.

தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கோடையில் ஆற்று மணலில் ஊற்று தோண்டியிருக்கிறீர்களா? சிரட்டையால் பைய மொண்டால், மொள்ள மொள்ளச் சுற்றியுள்ள மணலிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு குடம் என்ன, இரண்டு குடம்கூட நிறையும். அவசரப்பட்டு மளமளவென்று மொண்டால் சிரட்டையில் மணல்தான் வரும். மணலுக்குள் தண்ணீர் இல்லாமலா போயிற்று? இருக்கிறது. ஊறி வருவதற்கு நாம் நேரம் கொடுக்கவில்லை.

டயாலிசிஸ் மெஷினும் அந்தச் சிரட்டை மாதிரிதான். அது நீரை எடுப்பது ரத்தத்திலிருந்து மட்டும். காலிலும் முகத்திலும் உடம்பின் திசுக்களிலும் தேங்கி நிற்கிற நீர், ஊறி ஊறி ரத்தக் குழாய்க்குள் வரவேண்டும். ஊறும் வேகத்தைவிட எடுக்கும் வேகம் அதிகமானால் ரத்தத்தின் அளவு குறைகிறது, பிரஷர் இறங்குகிறது. காலில் வீக்கம் அப்படியே இருக்கும்போதே சிலருக்குப் பிரஷர் இறங்குவது இதனால்தான். “உடம்புல இவ்வளவு நீர் இருக்கு, பிரஷர் எப்படி இறங்கும்?” என்று குழம்ப வேண்டாம்.

எவ்வளவு வேகம் அதிகம்?

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், பயப்படாதீர்கள்!

அமெரிக்காவில் 2011-ல் ஒரு ஆய்வு வெளியானது. ஒரு மணி நேரத்துக்கு, ஒரு கிலோ எடைக்கு 13 மில்லி லிட்டருக்கு மேல் நீர் எடுக்கப்பட்டவர்களிடம், 10 மில்லி லிட்டருக்குள் எடுக்கப்பட்டவர்களைவிட மரணங்கள் அதிகமாக இருந்தன. குறிப்பாக இதயத்தால் வந்த மரணங்கள். இதயம் பலவீனமாக உள்ளவர்களுக்கு 10-ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்றும் அதில் தெரிந்தது. ஆகவே, 13 வரைக்கும் எல்லோருக்கும் பத்திரம் என்று அர்த்தம் இல்லை. ஆனாலும் வீட்டில் கணக்குப் பார்க்க ஒரு எண் வேண்டுமே, அதற்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டு நோயாளியின் எடை 50 கிலோ என்று வையுங்கள். 50-ஐ 13-ஆல் பெருக்கினால் 650. ஒரு மணி நேரத்துக்கு 650 மில்லி லிட்டர். நாலு மணி நேரத்துக்கு 2,600. அதாவது, இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் அவருக்கு எடை 2.6 கிலோவுக்குள் ஏறியிருந்தால், நாலு மணி நேரத்தில் அந்த வேகத்தைத் தாண்டாமல் எடுத்துவிடலாம்.

என் வீட்டுக்காரருக்கு ஏறியது நாலு கிலோ. அதே நாலு மணி நேரத்தில் எடுக்க வேண்டுமானால் வேகம் 20! பிரஷர் இறங்காமல் என்ன செய்யும்?

இன்னொன்று. “அரை மணி முன்னாடி எடுத்துவிடுங்க சிஸ்டர், பஸ் போயிரும்” என்று கெஞ்சுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! நானும் கெஞ்சியிருக்கிறேன். 2,600 மில்லியை மூன்றரை மணி நேரத்தில் எடுத்தால் வேகம் கிட்டத்தட்ட 15 ஆகிவிடும். வேகத்தைக் கூட்டாமல் பாதியில் நிறுத்தினாலோ, மிச்ச நீர் உடம்பிலேயே தங்கி அடுத்த முறை கணக்கில் சேரும். பஸ் போனால் இன்னொரு பஸ் வரும்!

உப்பு டப்பாவைத் திறந்து பாருங்கள்

சரி, நாலு கிலோ எப்படி ஏறியது? “இவுக தண்ணியைக் கண்டா விடமாட்டாக” என்று நான் அவரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கேட்டது வேறு: “உங்க வீட்ல மாசம் எத்தனை பாக்கெட் உப்பு வாங்கறீங்க?”

நாங்கள் மூன்று பேர். மாதம் ஒரு கிலோ பாக்கெட். ஆயிரம் கிராமை முப்பது நாளுக்குப் பிரித்து, மூன்று பேருக்குப் பங்கு போட்டால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 11 கிராம். அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, கடையில் வாங்கும் காராச்சேவு இதில் சேர்த்தியில்லை. உலக சுகாதார நிறுவனம் நல்ல ஆரோக்கியமாக உள்ளவர்களுக்கே 5 கிராமுக்குள் என்றுதான் சொல்கிறது. அது சுமார் ஒரு டீஸ்பூன்.

ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் உடம்பு உப்பையும் நீரையும் வைத்துக்கொள்ளும் கணக்கும் கிட்டத்தட்ட அதுவே. சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் கூடுதல் உப்பை வெளியே தள்ளிவிடும். வேலை செய்யாதபோது, 9 கிராம் உப்பு உள்ளே போனால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கேட்டுத் தாகம் எடுக்கும். குடித்தே ஆகவேண்டும். அது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. உப்பைக் கொடுத்துவிட்டு “தண்ணி குடிக்காதே” என்று சொல்வது, சொல்கிற நமக்கு சுலபம்; நாக்கு வறண்டு கிடப்பது அவர்தான்.

தினம் 11 கிராம் என்றால் மூன்று நாளில் 33 கிராம். அதற்கு மூன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர். உப்பு ஜூஸும் சேர்ந்தால்? என் நாலு கிலோ கணக்கு சரியாக வந்துவிட்டது!

இப்போது சக்கரம் புரிகிறதா? பிரஷர் இறங்குகிறது, உப்பு கொடுக்கிறோம். உப்பால் தாகம், தாகத்தால் தண்ணீர், தண்ணீரால் எடை. எடையை இறக்க மெஷின் வேகமாக இழுக்கிறது. மறுபடியும் பிரஷர் இறங்குகிறது. இந்தச் சக்கரத்தை நிறுத்தும் இடம் ஆஸ்பத்திரியில் இல்லை, நம் அடுப்படியில் இருக்கிறது.

இன்னும் சில வீட்டு வைத்தியங்களைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். “இந்துப்பு நல்லதாமே?” என்று கேட்பார்கள். இந்துப்பும் உப்புதான், டயாலிசிஸ் நோயாளிக்கு அதில் எந்தச் சலுகையும் இல்லை. “சோடியம் குறைந்த உப்பு” என்று கடையில் விற்பது இன்னும் ஆபத்து. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீரும் அப்படித்தான். களைப்பாக இருக்கிறாரே என்று அன்போடு இளநீர் வெட்டிக் கொடுத்துவிடாதீர்கள்!

உப்பு மட்டும்தான் காரணமா?

இல்லை. எல்லாப் பழியையும் உப்பு டப்பா மேல் போடுவதும் தப்பு. எடை அதிகம் ஏறாமலே ஒருவருக்குப் பிரஷர் இறங்கினால் வேறு காரணங்களைத் தேடவேண்டும்.

முதலாவது, உலர் எடை. உடம்பில் தேங்கிய நீர் இல்லாதபோது இருக்கவேண்டிய எடையைத்தான் டிரை வெயிட் என்கிறார்கள். ஆள் நன்றாகச் சாப்பிட்டுச் சதை பிடித்திருப்பார். நோட்டிலோ ஆறு மாதத்துக்கு முந்தைய எடையே எழுதியிருக்கும். அந்தப் பழைய எடைக்குக் கொண்டுவர, இல்லாத நீரை மெஷின் இழுக்கும். அதற்கு நேர்மாறாக, காய்ச்சல் வந்து மெலிந்தவருக்குப் பழைய எடையையே வைத்திருந்தால் உடம்பில் நீர் தங்கிவிடும். ஆகவே, “டிரை வெயிட்டை எப்போ பார்த்தீங்க டாக்டர்?” என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இரண்டாவது, சர்க்கரை வியாதி. நீர் குறையும்போது ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமாகத் துடித்து, பிரஷரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பல வருஷச் சர்க்கரையில் இந்த வேலையைச் செய்யும் நரம்புகள் பழுதாகியிருக்கும். அதனால் கொஞ்சம் நீர் எடுத்தாலும் தாங்காது.

மூன்றாவது, இதயம். இதயத் தசை தடித்திருந்தாலோ, பலவீனமாக இருந்தாலோ, இதயத்தைச் சுற்றி நீர் சேர்ந்திருந்தாலோ பிரஷர் இறங்கும். அடிக்கடி இறங்குகிறவர்களுக்கு எக்கோ பார்க்கச் சொல்வது இதற்குத்தான்.

நாலாவது, காலை மாத்திரை. பிரஷர் மாத்திரையை விழுங்கிவிட்டு நேராக மெஷினில் போய்ப் படுப்பவர்கள் உண்டு. எந்த மாத்திரையை டயாலிசிஸ் அன்று முன்னால் போடுவது, எதைப் பின்னால் போடுவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஐந்தாவது, நடுவில் சாப்பிடுவது. பசிக்கிறதே என்று இரண்டாவது மணி நேரத்தில் நாலு இட்லியை ஊட்டிவிடுகிறோம். சாப்பிட்டதும் ரத்தம் வயிற்றுப் பக்கம் திரும்பும். தாங்கும் உடம்பு தாங்கும். பிரஷர் இறங்கும் சுபாவம் உள்ளவர்கள், முன்கூட்டியே சாப்பிட்டுவிடுவது நல்லது, அல்லது முடிந்த பிறகு சாப்பிடலாம்.

இவை தவிர ரத்தசோகை, ரத்தத்தில் புரதக் குறைவு, மெஷினில் ஓடும் கரைசலின் உப்பு, கால்சியம், சூடு ஆகியவையும் உண்டு. கரைசலின் சூட்டைக் கொஞ்சம் குறைத்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கிப் பிரஷர் நிற்கும். ஆனால், அதுவே சர்வரோக நிவாரணி அல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 84 மையங்களில் நடந்த பெரிய ஆய்வு 2022-ல் வெளியானது. எல்லோருக்கும் பொதுவாகச் சூட்டைக் குறைத்ததில் இதய மரணங்களோ ஆஸ்பத்திரி சேர்க்கையோ குறையவில்லை; குளிர்கிறது என்று சொன்னவர்கள்தான் அதிகம். யாருக்குத் தேவை என்று டாக்டர் பார்த்துச் செய்யவேண்டிய விஷயம் அது.

பிரஷர் இறங்குவதோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், நடுக்கத்தோடு காய்ச்சல், எங்காவது ரத்தக்கசிவு இருந்தால் அது சாதாரண இறக்கம் அல்ல. உடனே டாக்டர் பார்த்தாகவேண்டும்.

“இது வழக்கம்தான்” என்று விடலாமா?

விடக்கூடாது! ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இதயத் தசைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. கொஞ்ச நேரத்துக்கு அந்தத் தசை மரத்துப்போகிறது. திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் இதயம் நிரந்தரமாகத் தளர்ந்துவிடும். மூளைக்கும் குடலுக்கும்கூட ரத்தம் குறையும். கையில் பாடுபட்டுப் போட்ட ஃபிஸ்டுலா அடைத்துப் போவதும் உண்டு. ஆகவே, கொட்டாவி, வேர்வை, குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு, கண் மங்கல், எது வந்தாலும் உடனே கையைத் தூக்கச் சொல்லுங்கள். “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்” என்ற பொறுமை இங்கே வேண்டாம். நர்ஸைக் கூப்பிடுவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மையங்களுக்கு ஒரு வார்த்தை

குடும்பத்தை மட்டும் குற்றம் சொல்லி முடித்தால் அது நியாயம் இல்லை.

முன்பெல்லாம் டயாலிசிஸ் என்றால் பெரிய நகரத்துக்கு ஓடவேண்டும், சொத்தை விற்கவேண்டும். இன்று அப்படி இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-ல் வந்தது. 1965-ல் தொடங்கிய நம் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியை நம்பி பாபநாசத்திலிருந்தும் வீரவநல்லூரிலிருந்தும் பத்தமடையிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். மெஷின் கிடைக்கிறது, சந்தோஷம். இனி நாம் கேட்கவேண்டியது நேரம்.

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் என்பதுதான் பொதுவான முறை. பஸ் செலவு, லீவு, கூட வர ஆள் இல்லாமை என்று பலர் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்று, நாலு நாள் நீரை ஒரே மூச்சில் எடுத்தால் எந்த உடம்பு தாங்கும்? ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை பேர் என்று ஓடும் நர்ஸ்களின் சிரமம் எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனாலும், ஒவ்வொரு நோயாளியின் நோட்டிலும் எடை எவ்வளவு ஏறியது, எத்தனை மணி நேரம் ஓடியது, ஒரு கிலோவுக்கு மணிக்கு எத்தனை மில்லி எடுத்தது என்று மூன்று எண்களைத் தவறாமல் எழுதினால் என்ன? மூன்றாவது எண் ஏறும்போது, “இன்னைக்கு அரை மணி கூட இருங்க” என்றோ “வாரம் ஒரு தடவை கூட வாங்க” என்றோ சொல்ல ஒரு ஆதாரம் கிடைக்குமே!

இதயம் மெஷினைத் தாங்கவே இல்லை என்றால், வயிற்று வழி டயாலிசிஸ் நமக்கு ஒத்துவருமா என்று டாக்டரைக் கேளுங்கள். அதில் நீர் நாள் முழுக்கப் பைய வெளியேறுவதால் பிரஷர் இப்படித் தடாலென்று விழுவது குறைவு. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, அதற்கான பைகளை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம்?

உப்பு டப்பாவில் பாக்கெட் பிரித்த தேதியை எழுதினேன். அவருக்கு மட்டும் தனிச் சமையல் இல்லை, மூன்று பேருக்குமே உப்பைக் குறைத்தேன். மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை, சில சொட்டு எலுமிச்சை என்று ருசியை வேறு பக்கம் திருப்பினேன். முதல் இரண்டு வாரம் மகன் முகத்தைச் சுளித்தான். ஒரு மாதத்தில் எல்லோருக்கும் நாக்கு பழகிவிட்டது. இப்போது ஒரு கிலோ பாக்கெட் இரண்டரை மாதம் வருகிறது. தண்ணீருக்கு டாக்டர் சொன்ன அளவில் ஒரு பாட்டில். ரசம், மோர், காபி எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். உப்பு குறைந்ததும் அவர் தண்ணீர் கேட்பதே குறைந்துவிட்டது. சண்டையும் குறைந்துவிட்டது!

எடை இப்போது இரண்டு, இரண்டேகால் கிலோவுக்கு மேல் ஏறுவதில்லை. பிரஷர் அறவே இறங்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். போன சித்திரையில் ஒரு நாள் இறங்கியது. மைனி வீட்டுக் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போன மறுநாள்! மற்றபடி முழு நாலு மணி நேரமும் படுத்திருந்து, தன் காலாலேயே நடந்து வந்து பஸ் ஏறுகிறார்.

மைனிக்கு இப்போதும் என் மேல் கொஞ்சம் வருத்தம்தான். “உப்பில்லாம ஆக்கிப் போட்டு என் தம்பியைப் பாடாப் படுத்துதா” என்று ஊரெல்லாம் சொல்கிறார். சொல்லட்டும். உங்கள் வீட்டு மைனிகளும் சொல்வார்கள். நீங்கள் இன்றைக்கே உப்பு டப்பாவில் தேதியை எழுதி வையுங்கள்!